பத்தாவது முடிச்சாச்சு, எந்த குரூப் எடுக்கலாம்? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளி வாசலில் பெற்றோர் வந்து நிற்பார்கள். கையில் மார்க் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும், பக்கத்தில் ஒன்றும் பேசாமல் பிள்ளை நிற்கும். நான் சமூக அறிவியல் டீச்சர். முதலில் கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்த்தேன், இப்போது தருமபுரி பக்கம். ஒவ்வொரு வருடமும் பிளஸ் ஒன் சேர்க்கை சமயத்தில் உதவி மேசையில் உட்காருவேன். பென்னாகரமோ ஊத்தங்கரையோ, எங்கிருந்து வந்தாலும் கேட்கிற சந்தேகம் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாம் மாநிலப் பாடத்திட்டத்தை வைத்துச் சொல்வது.

குரூப் குரூப்னு சொல்றாங்களே டீச்சர், அப்படின்னா என்னங்க?

பத்தாவது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்து பாடம்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். பிளஸ் ஒன்னில் ஆறு பாடம் வரும். இரண்டு மொழிப்பாடம் எல்லோருக்கும் பொது. மீதி நான்கு பாடங்கள் எவை என்பதைத்தான் குரூப் என்கிறோம். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 மார்க்.

பத்தாவதில் ஒரே புத்தகமாக இருந்த அறிவியல் இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிந்துவிடும். சமூக அறிவியலும் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் என்று தனித்தனியாகும். கணிதம் சில குரூப்பில் உண்டு, சிலவற்றில் இல்லை. வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினி அறிவியல் என்று அதுவரை படிக்காத பாடங்களும் புதிதாகச் சேரும்.

ஒருத்தர் ஃபர்ஸ்ட் குரூப்னா பயாலஜிங்கறார், இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ங்கறார். எது சரி?

நம்பரை நம்பாதீர்கள். ஒரு பள்ளியில் ‘செகண்ட் குரூப்’ என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். பக்கத்து ஊரில் அதே பெயரைச் சொன்னால் தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ். பெயரை மட்டும் கேட்டுச் சேர்த்துவிட்டு, புத்தகம் வாங்கும்போதுதான் கணக்கே இல்லை என்று தெரிந்துகொண்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எப்போதும் அந்த நான்கு பாடங்களின் பெயரைக் கேளுங்கள். நம் பக்கம் அதிகம் இருப்பவை இவை: கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் சேர்ந்தது பயோ-மேத்ஸ். அதே மூன்றோடு கணினி அறிவியல் சேர்ந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் சேர்ந்தது பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் வந்து, நான்காவதாகக் கணினிப் பயன்பாடோ வணிகக் கணிதமோ வந்தால் காமர்ஸ். வரலாறு, புவியியல், பொருளியல் போன்றவை வருவது ஆர்ட்ஸ். இவை போகத் தொழிற்கல்விப் பிரிவுகள் உண்டு.

எங்க ஊர் ஸ்கூல்லயே எல்லாம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. டவுன் பள்ளியில் ஐந்தாறு பிரிவு இருக்கும். ஏரியூர், அஞ்செட்டி, சித்தேரி மலை மாதிரியான இடங்களில் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதே கொஞ்சம்தான். அதனால் ‘எது நல்ல குரூப்’ என்று கேட்பதற்கு முன்னால், பஸ் போகும் தூரத்தில் உள்ள பள்ளிகளில் எந்தெந்தப் பிரிவு இருக்கிறது, அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இயற்பியல் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் சயின்ஸ் குரூப் பெயருக்குத்தான் இருக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பிளஸ் ஒன்னில் சைக்கிளும் தருகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கலாம், நுழைவுத் தேர்வுக்கும் பயிற்சி தருகிறார்கள். நன்றாகப் படிக்கிற மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அதைத் தவறாமல் விசாரியுங்கள்.

500க்கு எவ்வளவு எடுத்தா சயின்ஸ் குரூப் தருவாங்க?

எல்லாப் பள்ளிக்கும் பொதுவான கட்-ஆஃப் கிடையாது. எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்து, மார்க் வரிசையிலும் இட ஒதுக்கீட்டிலும் கொடுப்பார்கள். டவுனில் 400 வாங்கிய பிள்ளைக்கும் கிடைக்காமல் போகும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள பள்ளியில் 280க்கும் இடம் இருக்கும்.

மொத்த மார்க்கை விட, கணிதத்திலும் அறிவியலிலும் தனித்தனியாக எவ்வளவு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 380ல் தமிழும் சமூக அறிவியலும் தூக்கிவிட்டிருந்தால் அந்தப் பிள்ளையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

பையன் கணக்குல 48. மேத்ஸ் எடுத்தா தேறுவானா?

48 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பத்தாவது கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மார்க், வரைபடத்துக்கு 8 மார்க். இந்த 16ஐ அளவுகோலும் காம்பஸும் வைத்துப் பழகியே வாங்கிவிடலாம். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால், தடுமாறுகிற பிள்ளைகளுக்கு நாங்களே இதைத்தான் முதலில் பழக்குகிறோம். அது தப்பில்லை. ஆனால் பிளஸ் ஒன் கணிதம் அந்தப் பதினாறின் மேல் நிற்பதில்லை. இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் மூன்றும்தான் அதற்கு அடித்தளம். அங்கிருந்து சார்புகள், வெக்டர், எல்லை, வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் என்று வேகமாக ஏறும்.

லீவில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பத்தாவது புத்தகத்தில் இருபடிச் சமன்பாட்டுப் பயிற்சியிலிருந்து ஐந்து கணக்கு, முக்கோணவியல் முற்றொருமையில் ஐந்து கணக்கு கொடுங்கள். கைடு பார்க்காமல் பத்தில் ஆறு போட்டால், பரீட்சையில் 48 வாங்கியிருந்தாலும் தைரியமாகச் சேருங்கள். இரண்டுதான் வருகிறது, ஆனால் உட்கார்ந்து முட்டி மோதுகிறான் என்றால் ஜூன் மாதம் முழுக்க இந்த இரண்டு பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சேர்க்கலாம். புத்தகத்தைத் திறந்ததும் முகம் வாடிப்போகிறது என்றால் இரண்டு வருடம் அந்தப் பாரத்தைச் சுமக்க வைக்காதீர்கள். பியூர் சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் எல்லாம் இருக்கிறது.

பொம்பளப் புள்ளைக்கு மேத்ஸ் எதுக்கு டீச்சர், பக்கத்துல இருக்கிறத படிக்கட்டுமே?

இந்தக் கேள்வி வரும்போது மட்டும் நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்வேன். கணக்கில் 85 வாங்கிய பெண்ணை, ‘தூரம் போக வேண்டாம்’ என்ற ஒரே காரணத்துக்காக வேறு பிரிவில் சேர்ப்பதை வருடா வருடம் பார்க்கிறேன். அதே வீட்டில் 60 வாங்கிய பையன் டவுனுக்கு பஸ் ஏறுகிறான். நம் இரண்டு மாவட்டத்திலும் பெண் பிள்ளைக்குப் படிப்பு நின்றால் அடுத்தது கல்யாணப் பேச்சுதான். பதினெட்டு வயதுகூட ஆகியிருக்காது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெண்ணின் உடம்பும் வாழ்க்கையும் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தூரம்தான் கவலை என்றால் வழி இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து நான்கு பெண்களாகச் சேர்ந்து வரலாம், அரசு விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே தொகையைத் தருகிறது. பெண்ணுக்குக் கணக்கு பிடித்திருந்தால் கணக்கே எடுக்கட்டும்.

ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துட்டா அப்புறம் எதுக்கு வேணும்னாலும் போகலாமாமே?

ஏட்டில் உண்மை. பயோ-மேத்ஸ் படித்தவர் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, பி.காம்., பி.ஏ., சட்டம் எதற்கும் விண்ணப்பிக்கலாம். ஆர்ட்ஸ் படித்தவர் திரும்பிப் பொறியியலுக்குப் போக முடியாது. அதனால்தான் எல்லோரும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதையே எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் விண்ணப்பிப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. அரசு கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புக்கு அந்த நான்கு முக்கியப் பாடங்களின் மொத்தம், அதாவது 400க்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். பயோ-மேத்ஸில் திணறி 190 வாங்கிய பிள்ளை, காமர்ஸில் பிடித்துப் படித்து 340 வாங்கிய பிள்ளையோடு அதே பி.காம். இடத்துக்குப் போட்டி போட வேண்டும். என் அண்ணன் மகளுக்கு இதுதான் நடந்தது. பத்தாவதில் சமூக அறிவியலில் 97. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பயோ-மேத்ஸில் போட்டோம், நானும் உடன்பட்டேன். இரண்டு வருடம் டியூஷனிலும் அழுகையிலும் போனது. கடைசியில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் பி.ஏ. வரலாறுக்கே இடம் கிடைக்கவில்லை. அன்று வாயைத் திறந்து மறுத்திருக்க வேண்டியவள் நான். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

டாக்டருக்குப் படிக்கணும்னா பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா?

இரண்டிலும் முடியும். நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தான். மொத்தம் 720 மார்க்கில் உயிரியலுக்கே 360. பியூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடம். பயோ-மேத்ஸில் இரண்டும் சேர்ந்து உயிரியல் என்று ஒரே பாடம். கணக்குக்குச் செலவாகும் நேரம் பியூர் சயின்ஸில் மிச்சமாகும். ஆனால் நீட் கைகூடாவிட்டால் பொறியியலுக்குத் திரும்ப பயோ-மேத்ஸில் மட்டும்தான் வழி இருக்கிறது. கணக்கு சுமாராகவாவது வருகிற பிள்ளைக்கு நான் பயோ-மேத்ஸ் சொல்வேன். கணக்கைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்குப் பியூர் சயின்ஸ்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதைப் பார்த்து ‘டாக்டர் இல்லையென்றால் ஒன்றுமில்லை’ என்று பிள்ளையை நெருக்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாம் இந்தப் பாடங்களிலிருந்தே போகலாம். வேதியியலும் உயிரியலும் நம் ஊருக்குத் தேவையான படிப்பு. நம் பிள்ளைகளின் பல்லில் உள்ள மஞ்சள் கறை நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடால் வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பெரும் பணம் போட்டுக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். அந்தத் தண்ணீரைச் சோதிக்கிறவர் வேதியியல் படித்தவர்.

ஐடி வேலைக்குப் போகணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தானே எடுக்கணும்?

கட்டாயம் இல்லை. பொறியியல் கவுன்சலிங் கட்-ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் பாதியாகி 50, வேதியியல் பாதியாகி 50. கணினி அறிவியலில் 100க்கு 100 வாங்கினாலும் அந்தக் கணக்கில் சேராது. பயோ-மேத்ஸ் படித்தவரும் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாம்.

அப்புறம் எதற்கு அந்தக் குரூப் என்றால், உயிரியல் வேண்டாம் என்று முடிவான பிள்ளைக்கு அது நல்லது. புரோகிராம் எழுதுவதைப் பள்ளியிலேயே தொட்டுப் பார்க்கலாம். கல்லூரி முதல் வருடம் பயம் இருக்காது.

காமர்ஸ் எடுத்தா கணக்கு தொல்லை இல்லைதானே?

கணிதம் இல்லை, ஆனால் எண்கள் உண்டு. கணக்குப்பதிவியலில் பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு என்று நாள் முழுக்கக் கூட்டல் கழித்தல்தான். ஒரு ரூபாய் இடித்தாலும் தேடிக் கண்டுபிடிக்கிற பொறுமை வேண்டும். முக்கோணவியல் வராத பிள்ளைகள் பலர் இதில் அருமையாக வருகிறார்கள்.

கணக்கில் ஓரளவு பிடிப்பு உள்ளவர்கள், பள்ளியில் இருந்தால் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவை எடுங்கள். பின்னால் சி.ஏ. மாதிரி படிப்புக்குப் போகும்போது கை கொடுக்கும். சி.ஏ. முதல்நிலைத் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். ஆனால் காமர்ஸ் பிள்ளைக்கு அது பழகின பாடம்.

ஆர்ட்ஸ் குரூப்னா மார்க் கம்மியா வாங்கினவங்களுக்குத்தானே?

இந்த எண்ணத்தை உருவாக்கியதில் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. சயின்ஸ், காமர்ஸ் எல்லாம் நிரம்பிய பிறகு மிஞ்சிய பிள்ளைகளை அங்கே அனுப்புகிறோம். அப்புறம் ரிசல்ட் சரியில்லை என்று அந்தப் பிரிவையே மூடப் பார்க்கிறோம். சமூக அறிவியல் பிடித்து, 90க்கு மேல் வாங்கிய பிள்ளை தானே கேட்டு வந்தாலும் ‘ஏம்மா இதுக்கு வர்றே’ என்று கேட்கிற நிலை. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரசு வேலைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்வி. அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். பொது அறிவில் வரலாறு, புவியியல், அரசமைப்பு, பொருளாதாரம் எல்லாம் வருகிறது. பட்டப்படிப்பு கேட்கும் மேல்நிலைத் தேர்வுகளிலும், ஐ.ஏ.எஸ். தேர்விலும் அதே பாடங்கள் இன்னும் ஆழமாக வரும். பொறியியல் முடித்துவிட்டு வந்து, எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைத் தேடி வாங்கிப் படிக்கிற இளைஞர்களை தருமபுரி நூலகத்தில் பார்க்கலாம். சட்டத்துக்கும் இதுவே நல்ல அடித்தளம். ஐந்து வருட சட்டப் படிப்பில் எந்த குரூப்பும் சேரலாம், தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

இன்னொரு விஷயம், இந்த மண்ணைப் பற்றியது. உங்கள் வீட்டுப் பட்டாவுக்கு ஆதாரமான ரயத்துவாரி முறை, அதாவது அரசு விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் முறை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1792ல் மைசூர்ப் போர் முடிந்து பாராமகால் (நம் பகுதியின் அன்றைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அதை முதலில் முயன்று பார்த்தது நம் பகுதியில்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022ல் அறிவித்தார்கள். ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிறது, அதியமான் ஆண்ட தகடூர் இது. இதையெல்லாம் ஆராய ஆள் வேண்டும். அந்த ஆள் நம் பிள்ளையாக இருக்கட்டுமே.

வரலாறு படிச்சா வாத்தியார் வேலைக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரலாறு, புவியியல் பட்டம் பெற்றவர் பட்டத்தோடு பி.எட். சேரலாம். பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல் என்றால் முதுகலையும் முடித்த பிறகுதான் பி.எட். இதைத் தெரியாமல் பி.ஏ. பொருளியல் முடித்துவிட்டு வந்து நிற்கிறவர்கள் உண்டு. ஆசிரியர் ஆவதுதான் ஆசை என்றால் பிளஸ் டூ முடிந்து பட்டப்படிப்பு தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

கணித ஆசிரியர் ஆக பி.எஸ்சி. கணிதம் வேண்டும், அதற்குப் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். இதுவும் மேலே சொன்ன 48 மார்க் பதிலோடு சேர்த்து யோசிக்க வேண்டியது.

தொழிற்கல்வின்னு ஒன்னு இருக்கே, அது எப்படி?

வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின்பொறியியல், செவிலியம், அலுவலக மேலாண்மை, ஆடை வடிவமைப்பு என்று பல பிரிவு உண்டு. பள்ளிக்குப் பள்ளி மாறும். பாதிக்குப் பாதி கையால் செய்து கற்பது. பொறியியல் கவுன்சலிங்கிலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் தொழிற்கல்வி படித்தவர்களுக்கென்று தனியாக இடம் ஒதுக்குகிறார்கள். போட்டி அங்கே குறைவு. பாலக்கோட்டில் தக்காளி, போச்சம்பள்ளியில் மாந்தோப்பு என்று நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வேளாண் பிரிவு கிடைத்தால் விடாதீர்கள்.

இதில் சேர்ந்தால் நீட் எழுத முடியாது. அது தெரிந்து சேருங்கள்.

பிளஸ் டூ எதுக்கு, ஓசூர்ல கம்பெனி இருக்கு. பாலிடெக்னிக் போட்டா சீக்கிரம் வேலை இல்லையா?

நியாயமான கேள்விதான். ஓசூரில் வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் இருக்கின்றன, டிப்ளமோ படித்தவர்களை எடுக்கிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ. முடித்ததும் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். ஆக பொறியியல்தான் இலக்கு என்றாலும் இதுவும் ஒரு வழி. கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக், தருமபுரி கடகத்தூர் அரசு ஐ.டி.ஐ., ஓசூர் அரசு ஐ.டி.ஐ. எல்லாம் கட்டணம் குறைவான இடங்கள்.

ஆனால் டிப்ளமோவிலும் முதல் வருடம் கணக்கு உண்டு. ‘கணக்கு வராது, அதனால் பாலிடெக்னிக்’ என்று வருகிறவர்கள் அங்கேதான் அரியர் வைக்கிறார்கள். கை வேலையில் ஆசை உள்ள பையனா, படிப்பிலிருந்து தப்பிக்கப் பார்க்கிற பையனா என்று பார்த்து அனுப்புங்கள்.

தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?

பத்தாவது வரை தமிழில் படித்த பிள்ளை பிளஸ் ஒன் சயின்ஸை இங்கிலீஷில் தொடங்கினால், முதல் ஆறு மாதம் பாடத்தோடும் மொழியோடும் சேர்ந்து போராட வேண்டும். ‘வேகம்’, ‘முடுக்கம்’ என்று தெரிந்ததெல்லாம் புதுப் பெயரில் வந்து நிற்கும். தமிழிலேயே படிக்கலாம். நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம்.

மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010ல் சட்டமாக வந்தது. பள்ளி முதல் அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை தமிழில் படித்திருக்க வேண்டும் என்று பிறகு கடுமையாக்கிவிட்டார்கள். பிளஸ் ஒன்னில் மீடியம் மாற்றினால், பிளஸ் டூவோ பட்டமோ கேட்கும் வேலைகளுக்கு அந்த உரிமை போய்விடும். அரசு வேலைதான் குறி என்றால் இதை யோசிக்காமல் மாற்றாதீர்கள்.

பத்தாவது வரைக்கும் கவர்ன்மென்ட் ஸ்கூல். பிளஸ் டூ மட்டும் பிரைவேட்ல போட்டா நல்ல மார்க் வருமில்ல?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொடுத்தார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருடம் தனியாரில் போட்டால் இது அத்தனையும் போய்விடும். நிலத்தை அடகு வைத்து ஃபீஸ் கட்டி, உரிமையையும் இழந்த ஒரு அப்பாவுக்கு நான் இதை விளக்கியபோது அவர் வெகுநேரம் பேசவே இல்லை. அரசுப் பள்ளியில் கேட்ட குரூப் கிடைக்கவில்லையென்றால், தனியாருக்குப் போகும் முன் மூன்றாவது கேள்விக்குச் சொன்ன மாதிரி பக்கத்து அரசுப் பள்ளிகளையும் மாதிரிப் பள்ளியையும் பாருங்கள்.

லெவன்த்ல பப்ளிக் எக்ஸாம் இல்லையாமே. அப்ப நேரா பிளஸ் டூ பாடம் ஆரம்பிச்சிடலாமா?

2017-18ல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பாடம் குறையவில்லை. வகைநுண்கணிதம் தொடங்குவது பிளஸ் ஒன்னில். அதை விட்டுவிட்டுப் பிளஸ் டூவில் வகைக்கெழுச் சமன்பாட்டுக்குப் போனால் ஒன்றும் புரியாது. நீட் தேர்வுக் கேள்விகளும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன.

பொதுத்தேர்வு வருவதற்கு முன்பு சில பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமலே ஓட்டியதுண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஜூலையிலேயே பிளஸ் டூ புத்தகம் பிரித்தால் போய்க் கேளுங்கள்.

சேர்ந்து மூணு வாரம் ஆச்சு, முடியலங்கறா. மாத்தலாமா?

மாற்றலாம். சேர்க்கை முடிவதற்குள், கேட்கும் பிரிவில் இடம் இருந்தால், தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றிவிடலாம். தள்ளிப்போட வேண்டாம். காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம் என்றால் அதற்குள் மாணவர் பட்டியல் போய்விடும், மாற்றுவது கஷ்டம். மூன்று வாரத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் திணறல் இருக்கும் என்பதும் உண்மை. பாடம் புரியவில்லையா, தோழிகள் வேறு பிரிவில் இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணக்குல மட்டும் ஃபெயில். ஒரு வருஷம் போச்சா?

போகவில்லை. துணைத்தேர்வு உடனே வைக்கிறார்கள். அதில் தேறினால் அதே வருடமே பிளஸ் ஒன்னோ, ஐ.டி.ஐ.யோ, பாலிடெக்னிக்கோ சேரலாம். ரிசல்ட் வந்த வாரத்திலேயே பள்ளிக்கு வந்து பணம் கட்டுங்கள். மேலே சொன்ன வடிவியல், வரைபடம் 16 மார்க்கை முதலில் பழகினால் 35க்குப் பாதித் தூரம் வந்தாச்சு. வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருப்பவர்களைத் தேடி நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

வீட்ல ஒன்னு சொல்றோம், அவன் ஒன்னு சொல்றான். என்னதான் பண்றது?

பிளஸ் ஒன் பாடப்புத்தகங்களை அரசின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் பழைய புத்தகமும் கிடைக்கும். நீங்கள் சொல்லும் குரூப்பில் ஒன்று, பையன் சொல்லும் குரூப்பில் ஒன்று என இரண்டு பாடத்தில் முதல் பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லட்டும். எதைச் சொல்லும்போது அவனாகவே அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான் என்று பாருங்கள். அவன் கேட்பது நண்பன் சேர்கிறான் என்பதற்காகவா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சேர்க்கைக்கு வரும்போது என்னென்ன கொண்டு வரணும்?

மாற்றுச் சான்றிதழ், மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், நான்கு போட்டோ. எல்லாவற்றிலும் இரண்டு நகல். பள்ளிக்குப் பள்ளி ஒன்றிரண்டு கூடலாம். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், ஜூன் மாதம் கூட்டம் நெரியும். அப்பா மட்டும் தனியாக வந்து குரூப் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.